ஐப்பசித் தட்டானும் ரெண்டு சென்ட் குட்டையும்

தட்டானைப் பற்றி ஒரு முழுநீளப் பதிவா, ஆபீஸில் புடுங்குவதற்கு ஆணி எதுவும் இல்லையா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஆணி எக்கச்சக்கமாக இருக்கிறது சாமி. ஆனாலும் ரெண்டு வாரமாக மண்டைக்குள் இந்தப் பூச்சிதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. இறக்கி வைக்காமல் வேறு வேலை ஓடாது போலிருக்கிறது. அதனால் பொறுத்தருள்க :-)

முதலில் ஆளை அறிமுகப்படுத்தி விடுகிறேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள்தான். புரட்டாசி கடைசி, ஐப்பசி ஆரம்பத்தில், ஒருநாள் மழை பெய்து மறுநாள் வெயிலடித்தால், விளையாட்டு மைதானம், அறுத்த வயல், மொட்டை மாடி என்று திறந்த வெளி எங்கே இருந்தாலும் அதற்கு மேலே இருபது, முப்பது, சில நாள் நூற்றுக்கணக்கில் மஞ்சள் தட்டான்கள் வட்டமடிக்குமே, அதேதான். பத்து நிமிஷம் நின்று பார்த்தாலும் ஒன்றுகூட உட்காராது. சின்ன வயசில் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைக்கலாம் என்று பசங்க துரத்துகிற தட்டான்கள் எல்லாம் குச்சி நுனியிலும் வேலிக் கம்பியிலும் வந்து உட்கார்கிற ரகம். இது அந்த ரகம் இல்லை. இதைப் பிடித்தவன் எங்கள் தெருவில் ஹீரோ.

எங்கள் தெரு என்றால் பள்ளங்கியில். கொடைக்கானல் தாலுகா, வில்பட்டிப் பக்கம். கொடைக்கானலுக்கு டூர் வருகிறவர்கள் ஏரியைச் சுற்றி, தூண் பாறையைப் பார்த்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கி விடுவார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து விலகிப் பள்ளத்தாக்குப் பக்கம் வந்தால் எங்கள் ஊர். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. அடுக்கடுக்காகப் படிவெட்டு நிலம். காலையில் பனி, சாயங்காலம் காட்டுமாடு. இதுதான் ஊர்.

பூச்சிக்கு ஊருக்கு ஊர் பேர் வேறு. தட்டான், தட்டாரப்பூச்சி, தும்பி. எங்கள் ஊர்ப் பொடிசுகளுக்கு ஹெலிகாப்டர். (பழைய இலக்கியத்தில் தும்பி என்றால் வண்டு. தமிழாசிரியர்கள் சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.) மலையாளத்துக்காரர்கள் இந்த மஞ்சள் தட்டானுக்கு மட்டும் தனியாகப் பேர் வைத்திருக்கிறார்கள்: துலாத்தும்பி. துலா மாதம் என்றால் நம்ம ஐப்பசி. வருகிற மாசத்தையே பேராக வைத்துவிட்டார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

இப்போது அங்க அடையாளங்கள். உடம்பு நீளம் சுமார் 4.5 சென்டிமீட்டர். சிறகை விரித்தால் முனைக்கு முனை 7, 8 சென்டிமீட்டர் வரும். எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். நிறம் தேன் கலந்த மஞ்சள். ஆணுக்கு வயசாக ஆக முதுகில் செம்மை ஏறும். வால் நுனிப் பக்கம் மேலே கறுப்புப் புள்ளிகள். கண்ணின் மேல்பாதி செம்பழுப்பு. சிறகு கண்ணாடி மாதிரி தெளிவு, நுனியருகே சின்னதாக ஒரு மஞ்சள்பழுப்புப் பொட்டு. முக்கியமான விஷயம் பின்சிறகு. உடம்போடு சேருகிற இடத்தில் நன்றாக அகலம். சும்மா சும்மா சிறகடிக்காமல் காற்றில் மிதந்துகொண்டே போக அந்த அகலம்தான் உதவுகிறது. அசந்து போய் எப்போதாவது உட்கார்ந்தால், மற்ற தட்டான்கள் மாதிரி குச்சியில் படுக்கைவாட்டில் நிற்காது. செடியைப் பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி செங்குத்தாகத் தொங்கும்.

அறிவியல் பேர் பான்டாலா ஃப்ளேவசென்ஸ். 1798ல் ஃபேப்ரிசியஸ் என்கிற டென்மார்க்காரர் வைத்தது. அவர் கையில் இருந்தது இந்தியாவிலிருந்து போன பூச்சி. ஆக, உலகமெல்லாம் பறக்கிற இந்த ஜீவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் நம்ம நாட்டு விலாசத்தில்தான் எழுதப்பட்டது.

உலகமெல்லாம் என்று சும்மா சொல்லவில்லை. 2023ல் ஆறு மாசம் ஆன்சைட். டல்லாஸ் பக்கம். ஆகஸ்ட் வெயில் என்றால் நம்ம திண்டுக்கல் சித்திரை வெயில் தோற்றது போங்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், கால்பந்து மைதானம் சைஸுக்கு இருந்த கார் பார்க்கிங்குக்கு மேலே மஞ்சளாக வட்டமடித்துக்கொண்டிருக்கிறார்கள் நம்ம ஆட்கள். அதே உயரம், அதே வட்டம், அதே உட்காராத பிடிவாதம். கூட வந்த ஹைதராபாத் நண்பன், "என்ன பாஸ், ஃபிளைட்டைப் பாத்தா வீட்டு ஞாபகம் வந்துருச்சா?" என்றான். "ஃபிளைட் இல்லடா, ஹெலிகாப்டர்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அங்கே இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. பான்டாலா என்கிற பேரினத்தில் உலகத்தில் மொத்தமே ரெண்டு இனம்தான். ஒன்று நம்ம மஞ்சள்காரன். இன்னொன்று பான்டாலா ஹைமினியா. அவன் கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பு, முகத்தில் சிவப்பு, பின்சிறகின் அடியில் ரெண்டு பக்கமும் மை தெறித்த மாதிரி ஒரு கரும்புள்ளி. தலைக்கு மேலே பறக்கும்போது அந்தப் புள்ளியை வைத்துத்தான் யார் யார் என்று பிரிக்க வேண்டும். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. கனடாவின் தென்பகுதியில் தொடங்கி அர்ஜென்டினா வரைக்கும் அவன் ராஜ்ஜியம். ஆனால் அமெரிக்கக் கண்டங்களோடு சரி. நம்ம ஆள் அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் ஆஜர். ஐரோப்பாவில் மட்டும் அபூர்வ விருந்தாளி. பசிபிக் சமுத்திரத்தின் நடுவில், பெரிய பெரிய கல்தலைச் சிலைகள் நிற்கிற ஈஸ்டர் தீவு இருக்கிறதே, அங்கே இருக்கிற ஒரே தட்டான் இனம் இதுதான். இமயமலையில் 6,200 மீட்டர் உயரத்தில் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. எங்கள் கொடைக்கானலே 2,100 மீட்டர்தான். அதைப்போல மூன்று மடங்கு.

2016ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஆசியா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று பல இடத்துத் தட்டான்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இத்தனை தூரத்தில் இருக்கிறவை ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கமாக இருந்தன. கடல் தாண்டிக் கடல் சம்பந்தம் நடந்துகொண்டே இருந்தால்தான் இப்படி இருக்க முடியும் என்பது அவர்கள் கணிப்பு. டல்லாஸ்காரனும் பள்ளங்கிக்காரனும் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, மூன்றில் ஒரு கிராம் எடை உள்ள பூச்சி எப்படிக் கடல் தாண்டுகிறது? இந்தக் கதையின் ஆரம்பம் நம்ம பக்கத்து வீடான மாலத்தீவில் இருக்கிறது. சார்லஸ் ஆண்டர்சன் என்று ஒரு கடல் உயிரியலாளர். பார்க்கப் போனது மீன், திமிங்கலம். ஆனால் வருஷா வருஷம் அக்டோபரில் மாலே முழுக்கத் தட்டான் வந்து குவிவது அவர் கண்ணை உறுத்தியது. மாலத்தீவு பவளத்தீவு. தரைமேல் நல்ல தண்ணீர் நிற்பதே அபூர்வம். தட்டான் முட்டை போட நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீரே இல்லாத ஊருக்கு, 500 கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டி, இவ்வளவு பேர் எதற்கு வருகிறார்கள்?

மனுஷன் பல வருஷம் தேதி குறித்து வைத்தார். மற்ற இடத்துத் தகவல்களையும் சேர்த்தார். தென்னிந்தியாவில் தெரிந்த பிறகு மாலே. நவம்பரில் செஷல்ஸ். டிசம்பரில் இன்னும் தள்ளி அல்டாப்ரா. அதற்கப்புறம் ஆப்பிரிக்கா. 2009ல் கட்டுரை வந்தது. அவர் சொன்னது இதுதான்: இவை மாலத்தீவுக்கு வரவில்லை, மாலத்தீவு வழியாகப் போகின்றன. கீழே ஒரு திசையில் காற்று அடித்தாலும், ஆயிரம் மீட்டருக்கு மேலே வடகிழக்கிலிருந்து அடிக்கிற காற்றில் ஏறிக்கொள்கின்றன. மழைப் பட்டை தெற்கே நகர நகர, அதன் பின்னாலேயே போகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை, அப்புறம் தென் ஆப்பிரிக்கப் பக்கம் மழை, திரும்ப நம்ம தென்மேற்குப் பருவமழையோடு இந்தியா. மொத்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டார். அமெரிக்காவின் புகழ்பெற்ற மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் சுற்று இதில் பாதிதான். 2021ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று உடம்பில் சேர்த்துவைக்கிற கொழுப்பைக் கணக்குப் போட்டு, மிதந்தும் சிறகடித்தும் மாறி மாறிப் போனால் இதனால் சுமார் 90 மணி நேரம் காற்றில் இருக்க முடியும் என்றது. அதுவும் காற்று ஒத்துழைத்தால்தான். காற்று மாறினால் கடல்தான்.

இதில் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். போனது திரும்பி வருவதில்லை. ஒரு முழுச் சுற்றுக்கு நாலு தலைமுறை. இங்கிருந்து கிளம்பியது எங்கேயோ ஒரு மழைக்குட்டையில் முட்டையிட்டுச் செத்துப்போகும். அதன் பிள்ளை அடுத்த நாட்டுக்குப் போகும். ஆப்பிரிக்காவிலிருந்து மழையோடு வந்து சேர்வது பேரனோ கொள்ளுப்பேரனோ. வழி சொல்லித்தர கூட ஆள் கிடையாது.

அதனால் இந்தப் பூச்சியின் பரப்பை உலக வரைபடத்தில் ஒரே நிறத்தில் பூசிக் காட்டுகிறார்களே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. உண்மையில் அது புள்ளிகளின் சங்கிலி. ஒரு குட்டை, அடுத்து ஒரு குட்டை, அடுத்து ஒன்று. மழை பெய்து தேங்கிய தண்ணீர் கொஞ்ச நாள் நின்றால் போதும். முட்டையிலிருந்து சிறகு முளைத்துக் கிளம்புவதற்கு 38 நாளிலிருந்து 65 நாள் வரை ஆகும். தட்டான்களில் இது ஏகப்பட்ட வேகம். மலை ஓடைத் தட்டான்களில் சிலவற்றின் குஞ்சு வருஷக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும். இது அப்படிக் காத்திருக்க முடியாது, குட்டை வற்றிவிடும். கிட்டத்தட்ட ஒண்ணரை மாசம் நிற்கிற அழுக்குத் தண்ணீர். உலகப் பயணத்துக்குக் கட்டுச்சோறு அங்கேதான் கட்டப்படுகிறது.

இன்னொரு ஆராய்ச்சி, எனக்கு இதில் எல்லாம் ரொம்பப் பிடித்தது. 2012ல் ஹாப்சன், ஆண்டர்சன் முதலானவர்கள் மாலத்தீவில் கிடைத்த தட்டான்களின் சிறகைச் சோதித்தார்கள். மழைத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜனில் சாதா ரகம், கனமான ரகம் என்று ரெண்டு உண்டு. ரெண்டும் கலந்திருக்கிற விகிதம் ஊருக்கு ஊர், உயரத்துக்கு உயரம் மாறும். குஞ்சு எந்தத் தண்ணீரில் வளர்ந்ததோ அந்த விகிதம் அதன் உடம்பில் ஏறும். சிறகு ஒருதடவை முளைத்துக் காய்ந்துவிட்டால் அப்புறம் மாறாது. ஆக, பிறந்த தண்ணீர் சிறகில் எழுதியிருக்கிறது! அதைப் படித்துப் பார்த்து, இவை தென்னிந்தியாவில் பிறந்தவை இல்லை, வட இந்தியாவிலோ அதற்கும் வடக்கேயோ பிறந்தவை என்று சொன்னார்கள். (எந்தக் குட்டை என்று டோர் நம்பர் எல்லாம் சொல்ல முடியாது. எந்த வட்டாரம் என்று சொல்லலாம்.) மாலேயில் பிடித்தாலும் சரி, அல்டாப்ராவில் பிடித்தாலும் சரி, சிறகில் இருப்பது பழைய ஊர்த் தண்ணீர்.

இனி கொசுவத்தி இல்லை, நிகழ்காலம்.

எங்கள் நிலத்தின் கீழ்க்கோடியில் ரெண்டு சென்ட் அளவுக்கு ஒரு மூலை. மேலே பாறையிடுக்கிலிருந்து கசிகிற ஊற்று அங்கே வந்து தேங்கும். கோடையில் சேறு, மழைக்காலத்தில் முழங்கால் ஆழக் குட்டை. அங்கே ஒன்றும் பயிர் வைக்க முடியாது. அப்பா மருந்து தெளிக்கிற டப்பாவைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார், மாடு தண்ணி குடிக்கிற இடம் என்று. ஐப்பசியில் அதற்கு மேலே மஞ்சள் கூட்டம் நிற்கும். ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டே பறந்துவந்து தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகும். அதுதான் முட்டை போடுவது.

விவசாயத்தில் முன்ன மாதிரி எதுவும் நிற்கவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால் குறியீடு காட்டுமாட்டை விரட்டுவதில்லை. அப்பாவுக்கு முட்டி வலி. அதனால் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஒரு திட்டம் கொண்டுவந்தார். கீழ்ப்பக்கம் ரெண்டு ரூம் கட்டி டூரிஸ்ட்டுக்கு விடலாம். ஊற்றைப் பைப்பில் அடைத்துத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டு, குட்டையில் மண்ணடித்து மட்டம் பண்ணினால் அஞ்சு கார் நிற்கும். காசு என் பங்கு.

நியாயமான திட்டம், கேலி பண்ண ஒன்றுமில்லை. கொடைக்கானலுக்கு வருகிற வண்டிக் கூட்டம் தாங்காமல்தான் ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறையே வந்தது. அந்தக் கூட்டத்தில் நாலு குடும்பம் எங்கள் வீட்டில் தங்கினால் அப்பா குனிந்து களை எடுக்க வேண்டியதில்லை.

நான் குட்டை வேண்டும் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாப்ள, குட்டை இருந்தா கொசு வரும். வர்றவன் ஒரு ராத்திரி தங்க மாட்டான்."

"மாமா, தட்டான் குஞ்சு தண்ணிக்குள்ள கிடந்து கொசுப்புழுவைத்தான் திங்கும்." இது நிஜம். தட்டான் குஞ்சின் கீழுதடு மடித்து வைத்த கை மாதிரி இருக்கும். இரை பக்கத்தில் வந்தால் சடக்கென்று நீண்டு பிடிக்கும். அவசரம் என்றால் பின்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ராக்கெட் மாதிரி முன்னே பாயும். கொசுப்புழு, தலைப்பிரட்டை, எதுவும் தப்பாது.

"சரி, தட்டானுக்கு இந்தக் குட்டை இல்லேன்னா வேற குட்டை. பறக்குறதுதானே?"

இதற்குப் பதில் கார். தட்டான் தண்ணீரைக் கண்டுபிடிப்பது பளபளப்பை வைத்து. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்புகிற ஒளிக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு, அது நம் கண்ணுக்குத் தெரியாது, தட்டானுக்குத் தெரியும். நன்றாகப் பாலிஷ் போட்ட கார் கூரையும் அதே மாதிரி ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஹங்கேரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2006ல் இதைச் சோதித்து, சிவப்பு, கறுப்பு மாதிரி அடர்நிறக் கார்கள் தண்ணீர்ப் பூச்சிகளை ரொம்ப ஏமாற்றுகின்றன என்று காட்டினார்கள். நம்ம மஞ்சள் தட்டான் கார்மேல் வாலைத் தொட்டுத் தொட்டு முட்டை போடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெண் தட்டான் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டை போடும். வெயிலில் காய்ந்த தகரத்தில் போட்டது எதுவும் பொரிக்காது. குட்டை இருந்த இடத்தில் அஞ்சு கார் நிறுத்தினால், குட்டை போய்விட்டது என்று அதற்குத் தெரியப்போவதில்லை. அஞ்சு குட்டை ஆகிவிட்டது என்றுதான் நினைக்கும்.

மாமா அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. வேறு ஒன்று கேட்டார். "நீ வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வர்ற ஆளு மாப்ள. இங்க இருக்கிறது நாங்க. குட்டை உனக்கு எதுக்கு?"

இதற்கு மட்டும் உடனே பதில் வரவில்லை. ரெண்டு வாரமாக மண்டைக்குள் சுற்றுவது இந்தக் கேள்விதான், பூச்சி ஒரு சாக்கு. பொட்டி தட்டப் போனவனுக்கு ஊர்த் தண்ணீரில் என்ன உரிமை? ஹைட்ரஜன், சிறகு என்றெல்லாம் மாமாவிடம் பேச முடியாது. பேசினாலும் அது வாதம் ஆகாது. ஒரு பூச்சியின் சிறகில் ஊர்த் தண்ணீர் இருக்கிறது என்பதால் எனக்கு ரெண்டு சென்ட் நிலத்தில் ஓட்டு வந்துவிடாது.

ஆனால் இன்னொன்று உண்டு. எல்லாத் தட்டானும் பறந்து தப்பிக்கிற ரகம் இல்லை. மேலே சோலைக்காட்டிலிருந்து இறங்குகிற ஓடைகளில் இன்னொரு வகை இருக்கிறது. யூஃபேயா கார்டினாலிஸ், ஊசித்தட்டான் ஜாதி. ஆணுக்குச் சிவந்த உடம்பு, பின்சிறகில் கறுப்பு. உலகத்திலேயே பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டும்தான் உண்டு. ராணுவ மருத்துவராக வந்து 1933, 1934, 1936 ஆண்டுகளில் இந்தியத் தட்டான்களைப் பற்றி மூன்று பெரிய தொகுதி எழுதிய ஃப்ரேசர், இந்த மாதிரி மலை ஓடைகளில் இறங்கித்தான் பட்டியல் போட்டார். இவனுக்குக் காற்றும் தெரியாது, கண்டமும் தெரியாது. பாறை, நிழல், ஓடுகிற சுத்தமான தண்ணீர். பழனி மலையில் சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் என்று நட்டு நிரப்பினோம். ஓடை வற்றினால் இவன் அடுத்த நாட்டுக்குப் போகப் போவதில்லை. அங்கேயே முடிந்துபோவான்.

ஊரில் இருக்கிறவனுக்கும் போகிறவனுக்கும் தேவை ஒன்றுதான், அந்தத் தண்ணீர். போகிறவன் எவ்வளவு தூரம் போனாலும் நடுவில் ஒரு குட்டை அடைபட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி குறைகிறது. இருக்கிறவனுக்கோ அது மொத்தச் சங்கிலியும். ஆகவே குட்டை எனக்கு எதற்கு என்பது சரியான கேள்விதான். எனக்கு மட்டும் இல்லை என்பதுதான் பதில்.

முடிச்சை அவிழ்த்தது இந்த வியாக்கியானம் எதுவும் இல்லை, அப்பா. எங்கள் ரெண்டு பேர் பேச்சையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். "தம்பி, பைப்பு போட்டா போட்டதுக்குள்ள மட்டும் வர்றதுக்கு அது என்ன குழாத் தண்ணியா? மண்ணடிச்சு மூடுனா வேற எங்கனயாச்சும் பொத்துக்கிட்டு வரும். ரூமுக்கு அடியில வந்துச்சுன்னா செவுரு நிக்குமா மாப்ள?"

மாமா கட்டட வேலை தெரிந்தவர். அவருக்கு அது போதும்.

இப்போது திட்டம் மாறியிருக்கிறது. ரூம் ரெண்டும் மேல் படிவெட்டுக்குப் போகிறது. அங்கே தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், செலவு கூட. அந்தக் கூடுதல் முழுக்க என்னுடையது என்று சொல்லிவிட்டேன். வண்டி வாங்குகிற கனவு இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப்போகும், போகட்டும். அஞ்சு கார் நிற்காது, ரெண்டுதான் நிற்கும். வருமானமும் அதற்கு ஏற்ற மாதிரிதான். மாமாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. குட்டையைச் சுற்றி நாலு முளை அடித்து, மண் கொட்ட வருகிறவன் தெரியாமல் கொட்டிவிடக் கூடாது என்று சாக்குத் துணி கட்டியிருக்கிறார். ஆனால் அதைக் கட்டியது அவர்தான்.

இத்தனை பொறுமையாகப் படித்த புண்ணியவான்களிடம் ஒரு கேள்வி. இந்த மஞ்சள் தட்டானுக்கு உங்கள் ஊரில் என்ன பேர்? எந்த மாசத்தில், எதற்கு மேலே சுற்றும்? வெளிநாட்டில் இருக்கிற பதிவர்கள், நீங்கள் இருக்கிற ஊரிலும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். பின்சிறகின் அடியில் கரும்புள்ளி இல்லை, உட்காரவும் மாட்டேன் என்கிறது என்றால், நம்ம ஆள்தான். பின்னூட்டத்தில் ஊர் பேரோடு சொல்லிவிட்டுப் போங்கள். ஐப்பசிக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் பட்டியல் வாசித்துக் காட்ட வேண்டும்.